பெயர் கேட்கும் பணம்

கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையிற் சில்லறைக் காசைக் கொடுத்துத் தேநீர் பருகாத பழைய மாணவர் நம்முள் இலர். கொடுத்தவர் யார் என்பதை அக்காசு தன்மேற் குறித்துக்கொண்டதில்லை. பெற்றவரும் அதனை வினாவியதில்லை. கைமாறியதும் கணக்குத் தீர்ந்தது. பணத்தின் இவ்வியல்பை ஒரு நன்மையென நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை. அது நம்மைவிட்டு நீங்கவுங்கூடும் என்னும் நிலை தோன்றியபின்னரே அதன் அருமை புலனாகின்றது. அரசுகள் வெளியிடும் இலக்கமுறை நாணயம் பற்றியும், அதனை வழங்குவோர் தம்மை எவ்வளவுக்கு வெளிப்படுத்தவேண்டும் என்பது பற்றியும் ஈண்டுச் சில கூறுவாம்.

இலக்கமுறை நாணயம் என்பது யாது? நாம் வங்கியில் வைப்பிலிட்ட பணம், உண்மையில் அவ்வங்கி நமக்குத் தரவேண்டிய கடனேயாம். தாட்பணமோ மத்திய வங்கியின் நேரடிப் பொறுப்பு. அம்மத்திய வங்கிப் பணத்தையே, தாளும் உலோகமும் இன்றிக் கையடக்கத் தொலைபேசி முதலிய கருவிகளின்வழி வழங்கச் செய்வது இந்நாணயம். இங்கே ஓர் இடர் எழுகின்றது. ஒரு தாளை ஒருமுறையே கொடுக்கலாம்; கொடுத்தபின் அது நம் கையில் இல்லை. இலக்க வடிவில் உள்ளதையோ எத்தனை படிகளும் எடுக்கலாம். எனவே ஒரே பணம் இருமுறை செலவாகாது காத்தற்கு ஓர் வழி வேண்டும். ஒரு பேரேட்டை வைத்தலே அதற்குப் பெரும்பாலும் கைக்கொள்ளப்படும் வழி. பேரேடு உண்டானவுடன், அதில் எவர் பெயர் எழுதப்படும், அதனை எவர் பார்ப்பர் என்னும் வினாக்களும் உடன் பிறக்கின்றன.

பெயர் வேண்டும் என்பார் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. இலஞ்சம், கடத்தல், வரி ஏய்ப்பு ஆகியவை மறைவிலேயே வளர்வன. தாட்பணத்தைப் பெருந்தொகையாகக் கடத்துவோர் அதனை மூட்டையாகச் சுமத்தல் வேண்டும். அச்சுமையே ஒரு தடை. இலக்கமுறைப் பணத்துக்குச் சுமை இல்லை. மறுபுறத்தில், ஒருவர் வாங்கிய மருந்து, விரும்பிய நூல், செய்த தருமம், சேர்ந்த சங்கத்துக்குச் செலுத்திய சந்தா ஆகிய யாவும் ஒரே ஏட்டில் நிரல்பட நிற்குமாயின், அவ்வேடு அவருடைய வாழ்க்கைச் சரிதமே ஆகிவிடும். அதனை எழுதியவர் அவரல்லர். வாசிப்பவர் யார் என்பதும் அவர் அறியார்.

இவ்விரு நியாயங்களுக்கும் இடம்கொடுக்க முயன்ற நாடுகள் தொகைக்கேற்பப் படிவகுத்தன. 2020 ஆம் ஆண்டு ஒக்டோபரிற் சான்ட் டொலர் என்னும் இலக்கமுறை நாணயத்தை நாடெங்கும் வெளியிட்ட பகாமாஸ், வங்கிக் கிளைகளே இல்லாத சிறு தீவுகள் பலவற்றை உடையது. அங்கு அடையாள ஆவணம் எதுவும் காட்டாதவரும் 500 டொலர் வரை வைத்திருக்கவும், மாதமொன்றுக்கு 1,500 டொலர் வரை வழங்கவும் விதி இடந்தந்தது. அதற்கு மேற்பட்ட தொகைக்கு ஆவணம் வேண்டும்.

சீனத்து மத்திய வங்கியும் 2021 ஆம் ஆண்டு யூலையில் வெளியிட்ட அறிக்கையில், சிறுதொகைக்கு மறைவு, பெருந்தொகைக்குத் தெளிவு என்னும் நெறியைக் கூறிற்று. அங்கே தொலைபேசி இலக்கம் ஒன்றைமட்டும் கொடுத்துக் கீழ்ப்படிப் பணப்பையைத் திறக்கலாம். ஆயின், சீனத்தில் அத்தொலைபேசி இலக்கத்தைப் பெறுதற்கே அடையாள ஆவணம் காட்டவேண்டும். ஆகவே கடைக்காரர் நம்மை அறியாராயினும், அறிய வல்லவர் பிறிதோரிடத்தில் உளர். அவர் சட்டத்தின் ஆணையின்றி அதனைப் பாரார் என்பது ஒரு வாக்குறுதி. வாக்குறுதியால் வரும் மறைவு, வாக்கு நிலைக்குமளவே நிலைக்கும்.

பொதுமக்கள் விருப்பம் யாதென ஐரோப்பிய மத்திய வங்கி வினாவியபொழுது, 8,200 க்கு மேற்பட்டோர் விடையளித்தனர். 2021 இல் வெளிவந்த அதன் முடிவின்படி, 43 சதவீதத்தினர் அந்தரங்கத்தையே முதலாவது தேவையாகக் கூறினர்.

வாக்குறுதியை நம்பியிராது, பார்க்கவே இயலாதவாறு பணத்தை அமைத்தல் கூடுமா? கூடும் என அமெரிக்க அறிஞர் டேவிட் சௌம் 1983 இல் வெளிவந்த தம் ஆய்வுரையிற் காட்டினார். அவர் கணிதமுறையை ஓர் உவமையால் விளக்கலாம். நாமே ஓர் இலக்கத்தைத் தாளில் எழுதி, உட்புறம் காபன் பூசிய உறையில் இட்டு ஒட்டி வங்கியிடம் கொடுக்கின்றோம். வங்கி நம் கணக்கிற் பணத்தைக் கழித்துக்கொண்டு உறையின்மேல் ஒப்பமிடுகின்றது. அவ்வொப்பம் உள்ளிருக்கும் தாளிலும் பதிகின்றது. பின்னர் உறையை நீக்கித் தாளைக் கடையிற் கொடுக்கின்றோம். கடைக்காரர் அதனை வங்கிக்கு அனுப்ப, வங்கி தன் ஒப்பத்தை அறிந்து பணம் கொடுக்கின்றது. இலக்கத்தைக் குறித்துக்கொள்வதால் அத்தாள் மறுமுறை செல்லாது. ஆனால் எவருடைய உறையில் அத்தாள் இருந்தது என்பதை வங்கி அறிய வழியே இல்லை.

இவ்வமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. வாங்குபவர் மறைந்திருப்பர், பணம் பெறுபவர் அதனை வங்கியில் மாற்றும்பொழுது வெளிப்படுவர். ஆகவே வரி அறவிடுதற்கும் இலஞ்சம் பெற்றவரை அறிதற்கும் தடை இல்லை. சுவிற்சர்லாந்து மத்திய வங்கி 2021 இல் வெளியிட்ட ஆய்வுரை ஒன்றிற் சௌமும் வேறிருவரும் இம்முறையை அரச நாணயத்துக்கே பொருத்திக் காட்டினர். இதற்கும் குறைகள் உள. இலக்கத்தைத் தாங்கிய கருவி தொலைந்தால், வேறிடத்திற் படி வைத்திராதவரின் பணமும் தொலையும். களவுபோயின் மீட்டல் அரிது. தாட்பணத்துக்கும் இவ்வியல்பு உண்டன்றோ?

இதனால் நாம் துணியத்தக்கது ஒன்று. பணம் பெயர் கேட்கலாமா என்பது பொறியியலார்க்கு விடத்தக்க வினா அன்று. பெயர் எங்கே கேட்கப்படவேண்டும், எங்கே கேட்கப்படலாகாது என்பதைக் குடிகள் முன்னரே தீர்மானித்தல் வேண்டும். பேரேடு நிரம்பியபின் அதனை மூடச் சொல்லுதல் வீண் முயற்சியாம். கணிதமும் சட்டமும் பொருளியலும் இன்று பயிலும் எம் மாணவர் நாளை இத்தகைய ஏடுகளை வகுக்கும் இடங்களில் அமர்தல் கூடும். அப்பொழுது, பெயர் கேளாத சிறு காசொன்றால் தாம் அருந்திய தேநீரை அவர் நினைப்பாராக.