பள்ளி திறக்குமுன் இல்லத்தில் செய்யத்தக்கன

பள்ளி திறக்கும் காலம் நெருங்கியதும் பெற்றோர் மனத்தில் முதலில் தோன்றுவன புத்தகப்பையும் சீருடையும் காலணியுமே. இவை வேண்டுவனதாம். ஆயினும், கடையில் வாங்கிய பொருள்களோடு ஆயத்தம் முற்றுப்பெற்றுவிடுவதில்லை. நல்லுறக்கம், நாவில் பழகிய பேச்சு, தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் பழக்கம் ஆகிய மூன்றும் விலைக்குக் கிடைப்பன அல்ல. முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் குழந்தைக்கு இவையே பெருந்துணை. இதனைப் பெற்றோர்க்கு எடுத்துரைப்பது தமிழாசிரியர் கடமைகளுள் ஒன்றாகும்.

மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுடைய பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்கவேண்டும் என விதித்தது. பள்ளி அமைந்தும் பிள்ளைகள் எல்லாரும் வந்தாரல்லர். பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றுவிட, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பிள்ளையின் தலையில், பெரும்பாலும் பெண்பிள்ளையின் தலையில், விழுந்தது. 2003இல் தொடக்கக்கல்வி கட்டாயமாயிற்று. எனினும், பிள்ளையை நாள்தோறும் உரிய வேளையில், கற்கும் மனநிலையில் அனுப்பிவைப்பது இன்றும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

செலவு

நெடுங்காலம் ஜனவரியில் தொடங்கிவந்த மலேசியப் பள்ளி ஆண்டு, கொவிட் பெருந்தொற்றின் விளைவாக 2022 முதல் 2024 வரை மார்ச்சிலும், 2025இல் பிப்ரவரியிலும் தொடங்கியது. 2026இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியது. அவ்வாண்டு பள்ளி திறந்த வாரத்திலேயே பொங்கலும், பிப்ரவரி முதல் நாளில் தைப்பூசமும் வந்தன. தீபாவளிக் கடன் தீருமுன் பள்ளிச் செலவும் பொங்கற் செலவும் சேர்ந்துவரின் கூலிக் குடும்பம் என் செய்யும்? ஆதலின், தீபாவளி முடிந்த மாதத்திலிருந்தே சிறிது சிறிதாக வாங்குதல் நன்று.

பாடநூல்களை விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை. 1975இல் தொடங்கிய பாடநூல் இரவல் திட்டம், 2008 முதல் எல்லா மாணவர்க்கும் உரியதாயிற்று. பள்ளித் தொடக்க உதவித்தொகைக்கு இருந்த வருமான வரம்பும் 2023இல் நீக்கப்பட்டு, மாணவர் ஒவ்வொருவர்க்கும் 150 வெள்ளி வழங்கப்பட்டது. பயிற்சி நூல்களை ஆசிரியர் பட்டியல் தருமுன் வாங்குவது வீண்செலவு. சட்டை சற்றுப் பெரிதாயிருப்பின் கேடில்லை; காலணி பெரிதாயிருப்பின் குழந்தை தடுக்கி விழும். அண்ணன் பயன்படுத்திய பை கிழியாதிருந்தால் தம்பிக்கு அதுவே போதும்.

உறக்கம்

இவ்வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் வேண்டும். காலை ஆறு மணிக்கு எழவேண்டிய பிள்ளை, இரவு ஒன்பது மணிக்குள் உறங்கியாக வேண்டும். விடுமுறையில் பதினொரு மணிவரை விழித்திருந்த பிள்ளையை ஒரே நாளில் மாற்ற இயலாது. நாளுக்குப் பதினைந்து நிமிடமாக உறங்கும் நேரத்தை முன்னே கொண்டுவந்தால் எட்டே நாளில் கைகூடும். கைப்பேசியும் தொலைக்காட்சியும் குழந்தைக்கு முன்னரே உறங்கச் செல்லவேண்டும். பெற்றோர் இரவு வேலைக்குச் செல்லும் வீடுகளில் இப்பொறுப்பைப் பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ தெளிவாக ஒப்படைத்தல் வேண்டும்.

பேச்சு

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்பது மொழி கற்கும் முறை. முதலிரண்டும் இல்லத்தில் வேரூன்றினால், பின்னிரண்டும் பள்ளியில் தழைக்கும். 247 எழுத்துகளையும் பள்ளி திறக்குமுன் மனப்பாடம் செய்விக்க வேண்டுவதில்லை. அதனைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். சமையற்கட்டிலுள்ள பொருள்களின் பெயர், உறவுமுறை, அன்று கண்டதை வரிசையாகச் சொல்லுதல் ஆகியவற்றை வீட்டிலேயே பழக்கலாம். ‘மழை’ என்னும் சொல்லை அறியாத குழந்தைக்கு ழகரத்தின் வடிவத்தைக் காட்டுவதால் என்ன பயன்? சொல் முந்தி, எழுத்துப் பிந்தி என்பதை மறத்தல் ஆகாது.

“இரு, வாத்தியாரிடம் சொல்லி அடிக்கச் சொல்கிறேன்” என்று அச்சுறுத்தும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். ஆசிரியரைக் கண்டு நடுங்கும் குழந்தை, ஐயம் கேட்க வாய் திறவாது.

பழக்கம்

பொத்தான் மாட்டுதல், உணவுப் பெட்டியைத் திறந்து மூடுதல், கழிப்பறையைத் தூய்மையாகப் பயன்படுத்துதல் ஆகியவற்றைப் பழக்கிவிடுதல் வேண்டும். கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்கத் தமிழிலும் மலாயிலும் ஒவ்வொரு வாக்கியம் தெரிந்திருப்பது நலம். வெட்கத்தால் கேளாது அடக்கிக்கொண்டு, ஆடையை நனைத்து, மறுநாள் பள்ளி என்றாலே அழும் பிள்ளைகள் உண்டு. சிற்றுண்டிச்சாலையில் ஒரு வெள்ளி கொடுத்து அறுபது காசுக்கு வாங்கினால் மீதி நாற்பது காசு என்பதைக் காசுகளை வைத்தே காட்டலாம். அதுவே முதற் கணக்குப் பாடமுமாகும்.

ஆசிரியர் கடமை

பள்ளி திறக்குமுன் பெற்றோரை அழைத்து இவற்றைப் பொறுமையாக விளக்குதல் ஆசிரியர்க்கு அழகு. பொருட்பட்டியலைத் தமிழில் தருவதோடு, எழுதப் படிக்க அறியாதார்க்கு வாய்மொழியாகவும் கூறுதல் வேண்டும். பொருள் வாங்க இயலாத குடும்பத்தைத் தனியே அழைத்துப் பேசவேண்டும். வகுப்பில் பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேட்டல் தகாது. முதல் வாரத்தில் வராத பிள்ளையின் வீட்டுக்கு அவ்வாரமே ஆளனுப்பிக் காரணம் அறிதல் வேண்டும். ஒரு மாதம் கழித்து வரும் பிள்ளைக்குப் பாடமும் தோழமையும் ஒருசேரத் தவறிவிடுகின்றன. பின்னர் அதனை ஈடுசெய்தல் எளிதன்று.