பனித்தரையில் ஒரு கல்லாட்டம்

மலாக்காவின் உம்பாய் போன்ற கடலோர ஊர்களில் பனிக்கட்டி என்றதும் மீன் பெட்டிகளே நினைவுக்கு வரும். பனிக்கட்டியையே ஆடுகளமாகக் கொண்ட கர்லிங் விளையாட்டை இங்குள்ளவர்கள் பெரும்பாலும் குளிர்கால ஒலிம்பிக் நடைபெறும்போது தொலைக்காட்சியில்தான் காண்கின்றனர். முதன்முறை பார்ப்பவருக்குச் சிரிப்பு வருவது இயல்பே. ஒருவர் கல்லைத் தள்ளிவிடுகிறார். இருவர் அதற்கு முன்னே ஓடித் துடைப்பத்தால் தரையைத் தேய்க்கின்றனர்!

இவ்வாட்டம் ஸ்காட்லாந்தில் வளர்ந்தது. குளிர்காலத்தில் குளங்கள் உறைந்துபோன நாள்களில் மக்கள் பொழுதுபோக்காகக் கற்களைப் பனிமேல் சறுக்கவிட்டனர். 1511 என்ற ஆண்டு பொறிக்கப்பட்ட கல் ஒன்று அங்குக் கிடைத்துள்ளது. இன்றும் ஒலிம்பிக் கற்கள் அந்நாட்டின் ஐல்சா கிரெய்க் தீவுக் கருங்கல்லால் செய்யப்படுகின்றன. அது நீரை எளிதில் உறிஞ்சாது. ஒரு கல்லின் எடை 20 கிலோகிராமுக்குச் சற்றே குறைவு.

கேரம் ஆடியவர்களுக்கு இவ்விளையாட்டு எளிதில் புரியும். கேரம் பலகையில் மாவு தூவுவதைப் போல, பனித்தரையில் நீர்த்துளிகளைத் தெளித்துச் சிறு மேடுகளாக உறைய வைக்கின்றனர். கல் அவற்றின்மீது வழுக்கிச் செல்லும். ஆனால், கேரமில் காயைக் குழியில் தள்ள வேண்டும். கர்லிங்கிலோ, ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள களத்தின் மறுமுனையில் உள்ள வட்டத்தின் நடுவே கல்லை நிறுத்த வேண்டும். எதிரணியின் கல்லை மோதி வெளியேற்றலாம். தன் கல்லுக்கு முன்னால் இன்னொரு கல்லைக் காவலாகவும் வைக்கலாம். அணிக்கு நால்வர், ஒரு சுற்றில் அணிக்கு எட்டுக் கற்கள். எல்லாக் கற்களும் சென்றபின், நடுப்புள்ளிக்கு மிக அருகில் கல் வைத்திருக்கும் அணியே புள்ளி பெறும். ஆகவே, சுற்றின் கடைசிக் கல் யாருடையது என்பதைத்தான் பார்வையாளர் முதலில் கவனிக்க வேண்டும்.

கல்லை விடும்போது அதை மெல்லச் சுழற்றிவிடுவார்கள். ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து, வலஞ்சுழியாகச் சுழற்றி மேசையில் தள்ளினால் அது இடப்புறம் வளையும். கர்லிங் கல்லோ வலப்புறம் வளைகிறது! இதற்கான காரணத்தில் அறிவியலாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. தரையைத் தேய்ப்பதும் வீண் வேலையன்று. தேய்க்கும்போது பனி சற்றுச் சூடாகி உராய்வு குறைகிறது. கல் கூடுதல் தூரம் செல்கிறது, வளைவும் குறைகிறது.

2018-ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் ஒரு நாட்டையே தொலைக்காட்சி முன் அமர வைத்தது. பூண்டு விளைச்சலுக்குப் பெயர்பெற்ற உய்சோங் என்னும் சிற்றூரின் மகளிர் அணி அங்குக் களமிறங்கியது. ஐவரின் குடும்பப் பெயரும் கிம்தான்! அரையிறுதியில் ஜப்பானுடன் ஆட்டம் சமநிலையாகிக் கூடுதல் சுற்றுக்குச் சென்றது. கடைசிக் கல் அணித்தலைவி கிம் உன்-ஜங்கின் கையில் இருந்தது. அக்கல் சரியான இடத்தில் நிற்க, கொரியா 8-7 என வென்றது. இறுதி ஆட்டத்தில் சுவீடனிடம் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது.

பனியில்லாத மலேசியாவிலும் கர்லிங்கின் உறவு ஆட்டம் ஒன்று உண்டு. புல்தரையில் பந்து உருட்டும் அவ்வாட்டத்திலும் பந்து வளைந்தே செல்லும். இலக்குக்கு அருகில் நிறுத்துவதே அதிலும் வெற்றி. 2006-ஆம் ஆண்டு மெல்பர்ன் காமன்வெல்த் போட்டியில் மலேசியாவின் சித்தி சலினா அகமது, மகளிர் தனிநபர் பிரிவில் தங்கம் வென்றது அந்த ஆட்டத்தில்தான்.