உரம் மிஞ்சினால் செடி கருகும்!

ரோஜாச் செடி பூக்கவில்லை என்று, கை நிறைய யூரியாவை அள்ளித் தூரில் போடுகிறார்கள் சிலர். சில நாளில் இலை கருகுகிறது. செடி பட்டுப்போகிறது. ஏன்?

உப்பும் மாங்காயும்

ஊறுகாய்க்கு உப்புப் போட்டால், மாங்காயில் உள்ள நீர் வெளியே வருகிறது அல்லவா? அதுபோல, மிஞ்சிய உரம் வேரில் உள்ள நீரை இழுத்துவிடும்.

மேலும், யூரியாவில் 100க்கு 46 பங்கு தழைச்சத்து. அது இலையைத்தான் வளர்க்கும். பூவுக்கும் காய்க்கும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் வேண்டும்.

போடும் முறை

காய்ந்த மண்ணில் உரம் போடக் கூடாது. முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்டை ஒட்டிப் போடாமல், தள்ளிச் சுற்றிலும் தூவி, மண்ணால் மூட வேண்டும். மறுபடியும் தண்ணீர் விட வேண்டும். பையில் அச்சிட்ட அளவைத் தாண்டக் கூடாது.

சாணத்தைப் பச்சையாகப் போடுவதும் தவறு. அது மக்கும்போது சூடாகும். நன்றாக மக்கிய தொழு உரமே நல்லது.

ஜாக்கிரதை!

யூரியா, ஜவ்வரிசி போல மணி மணியாக இருக்கும். அதைச் சமையல் அறையில் வைக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டக் கூடாது. யூரியா கரைத்த தண்ணீரைக் குடித்தால் மாடு செத்துவிடும். வாளியைத் திறந்து போடாதீர்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்!