பாலினேசியர் ஆண்டுக்கணக்கும் கார்த்திகை மீனும்

ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு ஆகிய மூன்றையும் முனைகளாகக் கொண்ட பசிபிக் முக்கோணப் பரப்பில் வாழும் பாலினேசியர், இரவும் பகலும் ஒத்த நாளையே பருவத்தின் எல்லையாகக் கொண்டனர் எனக் கருதுவார் உளர். அவர்தம் மொழிச்சான்று இக்கருத்துக்கு அரண் செய்யவில்லை.

ஞாயிற்றின் செலவை அவர்கள் அறியாதவரல்லர். ஹவாய் மக்கள் கடகக் கோட்டைக் கானே என்னும் தெய்வத்தின் கரிய பெருவழி என்றும், மகரக் கோட்டைக் கனலோவாவின் கரிய பெருவழி என்றும், நிலநடுக் கோட்டை வானத் தந்தையாகிய வாக்கேயாவின் கொப்பூழ் வழி என்றும் வழங்கினர். ஞாயிறு அக்கொப்பூழின்மேல் நிற்கும் நாளே இராப்பகல் ஒத்த நாள். வழிக்குப் பெயர் இருந்தது. ஆண்டு அங்குத் தொடங்கவில்லை. அயனக் கோடுகளுக்கு இடைப்பட்ட தீவுகளில் பகலளவு பெரிதும் வேறுபடாமையே இதற்குக் காரணம் எனக் கொள்ளுதல் தகும்.

ஆண்டுக்கு எல்லை வகுத்தது, நாம் கார்த்திகை என்றும் அறுமீன் என்றும் கூறும் மீன்கூட்டமே. அதன் பெயர் மாவோரி மொழியில் மத்தரிக்கி. தகித்தி மொழியில் மத்தரிஇ. ஹவாய் மொழியில் மக்கலிஇ. (வல்லொலி தோன்றுதற்பொருட்டு ஒற்று இரட்டித்து எழுதினோம்.) மாவோரியின் தகரம் ஹவாயில் ககரமாகவும், ரகரம் லகரமாகவும், ககரம் மிடறு அடைத்தெழும் ஒலியாகவும் நிற்றல் இம்மொழிகளிடை முறையாகக் காணப்படுவது. கண்ணைக் குறிக்கும் மத்த என்னும் சொல் ஹவாயில் மக்க என வருதல் காண்க. ஆகவே மூன்றும் ஒருசொல்லே; தீவுகளிற் பிரிந்து குடியேறுமுன்பே அம்மக்களிடம் வழங்கியது. ‘சிறு கண்கள்’ என்பது அதன் பொருள் என்பர். ‘தலைவனின் கண்கள்’ எனப் பிரிப்பாரும் உளர். மீன் ஒன்றாதல் பற்றி அவர் விழாவுக்கும் நம் கார்த்திகை விழாவுக்கும் உறவு கற்பித்தல் பொருந்தாது. வானம் எல்லார்க்கும் பொது.

பெயர் ஒன்றாயினும் மீனை நோக்கிய பொழுது வேறு. தகித்தியர் நவம்பர் 20 அளவில், அந்தியில் அது கீழ்வானில் எழக் கண்டு ‘மேல் மத்தரிஇ’ என்னும் வளப்பருவத்தையும், மே 20 அளவில் அந்தியில் அது மறையக் கண்டு ‘கீழ் மத்தரிஇ’ என்னும் வறும்பருவத்தையும் வகுத்தனர். ஹவாயிலும் அந்தி எழுச்சியே மக்கஹிக்கி விழாவின் தொடக்கம். ஏறத்தாழ நான்கு திங்கள் போர் விலக்கப்பெற்றது. மழைக்கும் விளைவுக்கும் உரிய லோனோவின் பெயரால் திறை தண்டினர். மாவோரியரோ, தென்கோளக் குளிர்காலமாகிய ஜூன், ஜூலைத் திங்களில் அம்மீனின் வைகறை எழுச்சியை நோக்கினர். அவருள் சில குடியினர் அதனை விடுத்து, ரைகல் எனப்படும் விண்மீனைப் புவங்கா எனப் பெயரிட்டு நோக்கினர்.

நிலாத்திங்கள் பன்னிரண்டும் சேர்ந்தால் 354 நாளே ஆகும். ஞாயிற்றாண்டுக்குக் குறையும் ஏறத்தாழ 11 நாளை ஈடுசெய்ய இம்மீனின் தோற்றமே அளவுகோலாயிற்று. நியூசிலாந்து அரசு மத்தரிக்கியைப் பொது விடுமுறையாக்கி, 2022 ஜூன் 24 அன்று முதன்முறை கொண்டாடியது. தேய்பிறை அரைமதியை ஒட்டி வரும் வெள்ளிக்கிழமையே அதற்குரிய நாள் ஆதலின், ஆண்டுதோறும் அது மாறி வருகிறது.