பவர் ஸ்பிரேயர் நின்று நின்று போகிறதா? கார்புரேட்டரைக் குறை சொல்லும் முன் பெட்ரோல் குழாயைப் பாருங்கள்

மே மாதக் கடைசியில் கொல்லிமலை சோளக்காடு பக்கம் ஒரு மிளகுத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மழை பிடிப்பதற்குள் அடித்துவிட வேண்டும் என்று, 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்ற கணக்கில் போர்டோக் கலவையைத் தயார் செய்து வைத்திருந்தார் விவசாயி. முதுகில் மாட்டும் பழைய பவர் ஸ்பிரேயர் ஐந்து நிமிடம் ஓடியது, இருமியது, நின்றுவிட்டது.

போர்டோக் கலவையைக் கலந்த அன்றே அடித்தாக வேண்டும். காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, கீழே ரிப்பேர் கடையில் கொடுத்து வாங்கி வர ஒரு நாளாவது போய்விடும். மழைக்கு முன் மருந்து அடிக்காமல் விட்டு, விரைவு வாடல் நோய் வந்துவிட்டால், பத்து வருஷக் கொடியும் சில வாரத்தில் காய்ந்துவிடும். "கார்புரேட்டர் போச்சு சார், புதுசுதான் மாத்தணும்" என்றார் அவர். பிரித்துப் பார்த்தோம். கார்புரேட்டர் நன்றாகத்தான் இருந்தது. டேங்க்கிலிருந்து குழாய் வெளியே வரும் இடத்தில் முடி அளவு வெடிப்பு. கைவசம் இருந்த ஒரு சாண் பெட்ரோல் டியூபை மாற்றினோம். மதியத்துக்குள் தோட்டம் முழுக்க மருந்து அடித்தாயிற்று.

பவர் ஸ்பிரேயர், புதர் வெட்டும் கருவி, சிறிய பெட்ரோல் களையெடுப்பான் ஆகியவை மக்கர் செய்யும்போது, முதலில் சந்தேகப்பட வேண்டியது டேங்க்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள சின்னச் சின்ன இணைப்புகளைத்தான். இவற்றை வீட்டிலேயே சரிசெய்யலாம்.

கசிவு எல்லாம் கண்ணுக்குத் தெரியாது

உங்கள் கருவியில் பெட்ரோல் டேங்க் கார்புரேட்டருக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். மேலே இருந்தால் பெட்ரோல் தானாக இறங்கும். குழாய் வெடித்தால் வெளியே சொட்டும், வாசனை காட்டிக்கொடுக்கும்.

கீழே இருந்தால் கார்புரேட்டர்தான் பெட்ரோலை உறிஞ்சி மேலே இழுக்க வேண்டும். அப்போது வெடிப்பு வழியாகப் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். சொட்டு ஈரம்கூடத் தெரியாது. பெட்ரோலும் அதில் கலந்த ஆயிலும் போதாமல் போகும். இதோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஒரு சாண் குழாயோடு போக வேண்டிய செலவு என்ஜின் வரைக்கும் போய்விடும்.

கடலோரத்தில் படகில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்கும் இதே கதைதான். தனி டேங்க், ரப்பர் குழாய், நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் பந்து. இவற்றில் எங்கே காற்று புகுந்தாலும் மோட்டார் திணறும்.

இப்போது ஏன் இந்தப் பிரச்சினை அதிகம்?

பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டியது. 2025-ல் 20 சதவீத இலக்கையும் நாடு எட்டிவிட்டது. பழைய கருவிகளின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. சில குழாய்கள் ஊதிப்போகும், சில விறைத்து வெடிக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். பனியும் மூடுபனியும் உள்ள மலையில், பாதி டேங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் வைத்தால், தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். குழாய் முதலில் உறிஞ்சுவது அந்த அடித் தண்ணீரைத்தான்.

கழற்றும் முன் கண்டுபிடியுங்கள்

- ஐந்து, பத்து நிமிடம் ஓடி நிற்கிறதா? டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். உடனே ஸ்டார்ட் ஆகி ஓடினால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. குழாயில் குறையில்லை.
- சரிவில் சாய்த்தால் மட்டும் நிற்கிறதா? டேங்க் உள்ளே குழாய் விறைத்திருக்கும். அதன் நுனியில் உள்ள கனமான ஃபில்டர் பெட்ரோல் இருக்கும் மூலைக்குப் போகவில்லை.
- அமுக்கும் ரப்பர் குமிழ் பெட்ரோலால் நிறையாமல் குமிழிகளாகவே வருகிறதா? எங்கோ காற்று புகுகிறது. குமிழே கீறியிருக்கலாம்.
- கார்புரேட்டர் வழிகிறதா? கிண்ணம் உள்ள வகையானால் நீடில் வால்வில் தூசி இருக்கும், அல்லது அதன் நுனி தேய்ந்திருக்கும்.

முதலில் பாதுகாப்பு

வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள். அடுப்பு, பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது. என்ஜின் நன்றாக ஆறட்டும். பிளக் மூடியைக் கழற்றி வையுங்கள். பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்கவே கூடாது. தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குழாய் மாற்றும் முறை

1. டேங்க்கைக் காலி செய்யுங்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதர் வெட்டும் கருவியில் போகும் குழாய், திரும்பும் குழாய் என இரண்டு இருக்கும். மாறிவிட்டால் பெட்ரோல் ஏறாது.
2. வளைத்த கம்பியால் டேங்க்கிலிருந்து ஃபில்டரை வெளியே எடுங்கள். வாய் வைக்காமல் சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பாருங்கள். காற்று சுலபமாகப் போகவில்லை என்றால் புது ஃபில்டர் போடுங்கள்.
3. பழைய குழாயில் ஒரு துண்டைக் கடைக்குக் கொண்டுபோய், அதே உள்ளளவு, வெளியளவில் பெட்ரோலுக்கான குழாய் கேளுங்கள். எத்தனால் தாங்குமா என்றும் கேளுங்கள்.
4. புதுக் குழாயின் நுனியைக் கலப்பை முனை போலச் சாய்வாக வெட்டி, டேங்க் ஓட்டையில் உள்ள ரப்பர் வளையத்துக்குள் நுழைத்து, குறட்டால் இழுங்கள். பிறகு நுனியை நேராக வெட்டி ஃபில்டரை மாட்டுங்கள். ஃபில்டர் டேங்க்கின் எல்லா மூலைக்கும் எட்டும் அளவு நீளம் விடுங்கள்.
5. மாட்டும் முன் சோதனை செய்யுங்கள். குழாயின் ஒரு முனையை விரலால் அடைத்து, தண்ணீரில் முக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சால் காற்றடியுங்கள். குமிழி வந்தால் அந்தக் குழாய் வேண்டாம்.
6. பெட்ரோல் காக் கழற்றினால் பழைய வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். கார்புரேட்டர் உடல் மெல்லிய உலோகம், அழுத்தித் திருகினால் மரை போய்விடும்.

செய்யக் கூடாதவை

சலைன் டியூப், சொட்டுநீர் மைக்ரோ டியூப் இரண்டும் பெட்ரோலுக்கு ஆகாது, சீக்கிரம் விறைத்துவிடும். வெடிப்பில் பசை தடவினால் அது கரைந்து ஜெட்டை அடைக்கும். மரையில் சுற்றும் வெள்ளை டேப்பின் நூலும் அப்படித்தான் போய் அடைக்கும். ஜெட் துளையைக் குண்டூசியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் அளவு கெட்டுவிடும். கரண்ட் ஒயரில் உள்ள ஒற்றைச் செம்பு இழையை மெதுவாக விட்டு எடுத்தால் போதும்.

மலையில் திருகாணியைத் திருப்பும் முன்

கொல்லிமலை சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். இங்கே காற்று மெலிது. என்ஜின் வலு சமவெளியைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். கீழே செட் செய்த கருவியில் இங்கே பெட்ரோல் அதிகமாகி, பிளக் கறுக்கும். அதைப் பார்த்துவிட்டுத் திருகாணியை இறுக்கிப் பெட்ரோலைக் குறைக்கிறார்கள். அந்த நேரத்தில் குழாயிலும் வெடிப்பு இருந்தால், பெட்ரோல் இரண்டு பக்கமும் குறைந்து பிஸ்டன் பிடித்துவிடும். அதனால் கசிவை முதலில் சரிசெய்யுங்கள், திருகாணியைக் கடைசியில் தொடுங்கள். அதையும் ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் திருப்புங்கள். பிளக் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, உடனே நிறுத்துங்கள். கருவியை மலைக்குக் கீழே கொண்டுபோனால், பழைய இடத்துக்கே திருப்பி வைக்க மறக்காதீர்கள்.

சீசன் முடிந்ததும்

டேங்க்கைக் காலி செய்து, என்ஜின் தானாக நிற்கும் வரை ஓட்டிவிட்டு எடுத்து வையுங்கள். அடுத்த முறை புது பெட்ரோல் வாங்கி, கருவியோடு வந்த புத்தகத்தில் சொன்ன அளவு ஆயில் கலக்குங்கள். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி.

ஸ்டார்ட்டர் கயிறு இழுக்கவே வரவில்லை, அல்லது தடையே இல்லாமல் லேசாக வருகிறது என்றால் அது குழாய்க் கோளாறு அல்ல, மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான். மற்றபடி ஒரு முழம் பெட்ரோல் குழாய், ஒரு ஃபில்டர், இரண்டு வாஷர், ஒரு பிளக். இவற்றை ஒரு டப்பாவில் போட்டு, சித்திரை மாதமே கருவியோடு வையுங்கள். மருந்து அடிக்க வேண்டிய நாளில் மலை இறங்க வேண்டியிருக்காது.