துணைக்கு ஏற்கும் பொறுப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடிமகன் ஒருவர் அயல்நாட்டிலுள்ள தம் மனைவியை அங்கே நிலையாகக் குடியேற்ற விரும்பினால், மணச் சான்று மட்டும் போதாது. அவரைத் தாம் ஆதரிப்பதாக ஓர் உறுதிமொழிப் பத்திரமும் தரவேண்டும். ஐ-864 என்பது அப்படிவத்தின் எண். 1996-இல் இயற்றிய சட்டம் அதனை நீதிமன்றத்தில் செல்லத்தக்க ஒப்பந்தமாக்கிற்று.

நிரப்புவது கடினமன்று. வரவிருக்கும் மனைவியையும் சேர்த்துக் குடும்பத்தினரை எண்ணவேண்டும். இதை மறந்தால் கணக்கு முழுதும் பிழையாகும். அத்தனை பேருக்கு அரசு வகுத்துள்ள வறுமை வரம்பில் 125 விழுக்காடேனும் ஆண்டு வருமானம் இருத்தல் வேண்டும். வருமான வரிக் கணக்கு அதற்குச் சான்று. குறைந்தால், குறையும் தொகையைப்போல் மும்மடங்கு மதிப்புள்ள சொத்தைக் காட்டலாம். அதுவும் இல்லையேல், அங்கு வாழும் வேறொருவர் உடன் பொறுப்பேற்கலாம்.

ஆனால் எத்தனை காலத்திற்கு? மணமுறிவு இப்பொறுப்பை முறிப்பதில்லை! மனைவி குடியுரிமை பெறுதல், 40 காலாண்டு உழைப்பு அவர் கணக்கில் சேர்தல், அந்நாட்டை விட்டு நிலையாக நீங்குதல், இறப்பு ஆகியவற்றுள் ஒன்று நேரும்வரை அது தொடரும்.

அங்கு வாழும் என் பழைய மாணவர் ஒருவர், நண்பருக்காக உடன் ஒப்பமிடுவது வெறும் சடங்கே என்றார். இப்பகுதியை வாசித்துக் காட்டினேன். பேனாவை மூடிவைத்தார், இரு நாள் கழித்தே ஒப்பமிட்டார்.