விளம்பரப் படங்களில் வெள்ளைக் கட்டம் விழுவது ஏன்?



நோட்டீஸ், விலைப்பட்டியல், பொட்டலத்தில் ஒட்டும் லேபிள், கடைப் பலகை என அனைத்தும் இன்று கணினியிலேயே தயாராகின்றன. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரையிலான வெளிவட்டச் சாலை 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பின், நமது பகுதியை அறியாத வெளியூர் வண்டிகளும் இவ்வழியே செல்கின்றன. ஓடும் வண்டியில் இருப்பவர் ஒரு கணத்தில் படித்துவிடும்படி நமது பலகை இருக்க வேண்டும்.

கடையின் சின்னத்தை வண்ணப் பின்னணியில் வைக்கும்போது அதைச் சுற்றி வெள்ளைக் கட்டம் விழுவது பலருக்கும் ஏற்படும் தொல்லை. அச்சாகி வந்த பின்பே இது கண்ணில் படுகிறது. காகிதச் செலவும் கூலியும் நம் தலையில் விழுகின்றன. இதன் காரணத்தை அறிந்துகொண்டால் தவிர்ப்பது எளிது.

கணினிப் படம் என்பது சிறு சிறு புள்ளிகளின் தொகுப்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவு 0 முதல் 255 வரை குறிக்கப்படுகிறது. இவற்றுடன் ‘ஆல்பா’ என்னும் நான்காவது எண்ணும் உண்டு. அது 0 என்றால் அப்புள்ளி கண்ணாடி போல. அடியில் உள்ளது முழுதும் தெரியும். 255 என்றால் அடியில் உள்ளதை முழுதும் மூடிவிடும். படங்களை இவ்வாறு ஒன்றின்மேல் ஒன்று சேர்க்கும் கணக்கை, அமெரிக்காவில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகிய இருவரும் 1984இல் முறைப்படுத்தி வெளியிட்டனர்.

அந்தக் கணக்கு நமக்குப் புதிதன்று. கிலோ 50 ரூபாய் அரிசி 40 பங்கும், 60 ரூபாய் அரிசி 60 பங்கும் கலந்தால் அடக்கவிலை 56 ரூபாய் என்று நாம் கணக்கிடுகிறோம் அல்லவா? அதே முறைதான். வெள்ளைத் தாளின் (255) மேல் கறுப்பு எழுத்தை (0) 40 சதவீத அடர்த்தியில் வைத்தால் கிடைப்பது 153. அதாவது வெளிறிய சாம்பல் நிறம்.

இனி, நாம் கவனிக்க வேண்டியவை:

1. ஜேபிஜி கோப்பில் ஆல்பா எண்ணுக்கு இடமில்லை. பின்னணி நீக்கிய சின்னத்தை அதில் சேமித்தால் காலியிடம் பெரும்பாலும் வெள்ளையாகிவிடும். சின்னத்தைப் பிஎன்ஜி கோப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். ஜிஃப் கோப்பில் ஒரு புள்ளி தெரியும் அல்லது தெரியாது, அவ்வளவே. பாதி தெரியும் நிலை இல்லாததால் ஓரங்கள் பல்பல்லாகத் தெரியும்.

2. வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் பின்னணி கெட்டுவிடும். ‘டாக்குமென்ட்’ ஆகவே அனுப்ப வேண்டும்.

3. வெள்ளைத் தாளிலிருந்து வெட்டியெடுத்த சின்னத்தின் ஓரப் புள்ளிகளில் வெள்ளை கலந்திருக்கும். அடர்நிறப் பின்னணியில் அது வெள்ளை விளிம்பாகத் தெரியும். ஓரத்தை ஒன்றிரண்டு புள்ளி உள்ளே தள்ளி வெட்டச் சொல்ல வேண்டும்.

4. அச்சுக்குக் கொடுக்கும் முன் லேயர்களை ஒன்றாக்குவர். அதற்கு முன் லேயர்கள் பிரிந்த மூலக் கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த முறை விலை மாறினால் எண்ணை மட்டும் மாற்றலாம்.

5. மாதிரி ஒன்றை அச்சிட்டுப் பார்த்த பிறகே மொத்தத்திற்கும் ஒப்புதல் தர வேண்டும்.

லேபிள் அடிக்கும் உறுப்பினர்கள் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி விலையும் நிகர எடையும் பின்னணியிலிருந்து தெளிவாக வேறுபடும் நிறத்தில், படிக்கும்படி இருக்க வேண்டும். அழகுக்காக எழுத்தின் அடர்த்தியைக் குறைத்து, அடியில் நெற்கதிர்ப் படம் தெரியும்படி விட்டால், மேலே கூறிய கணக்குப்படி எழுத்து வெளிறிவிடும். அது அழகுக் குறையோடு நில்லாது. சட்டச் சிக்கலாகவும் முடியும். ஆதலின் பின்னணிப் படத்தை வேண்டுமளவு வெளிறவைக்கலாம்; விலை, எடை எழுத்துகளை 100 சதவீத அடர்த்தியிலேயே வைப்போம்.

டிடிபி செய்பவரிடம் இவ்விவரங்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால், மறு அச்சுச் செலவு நமக்கு மிச்சம்.